பாப்பா மேடு

"இந்த வருஷம் பனிச்சறுக்குக்கு ஹோல்சாவ் போறோம்" என்று அப்பா ஹூபர்ட் சொன்னதும், சாப்பாட்டு மேஜையில் கரண்டிச் சத்தம் நின்றுவிட்டது.

"ஹோல்சாவா? அங்கே பால்குடி மறக்காத பிள்ளைங்கதானேப்பா சறுக்கும்!" அண்ணன் டோனிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "இருக்கிறதே ரெண்டு பாப்பா மேடு. ஏறக்கூட வேணாம், ஓடுற ரப்பர் பட்டையில நின்னா மூட்டை மாதிரி மேலே கொண்டுபோய் விட்டுடும்."

"புதுசா கத்துக்கிறவங்களுக்கு அதைவிட நல்ல இடம் இந்தப் பக்கத்துல கிடையாது" என்றார் அப்பா, சூப்பில் மிதந்த ரொட்டி உருண்டையைப் பிட்டுக்கொண்டே.

"நம்ம வீட்டுல புதுசா யாரு கத்துக்கப் போறா?"

கேட்டுவிட்டு டோனி மெதுவாகத் திரும்பி, தங்கை வெரேனாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கிளெமென்ஸைப் பார்த்தான். பார்த்துவிட்டு, "ஓஹோ!" என்றான்.

வெரேனாவுக்குச் சுருக்கென்றது. வருகிற மே மாதம் அவளுக்கும் கிளெமென்ஸுக்கும் கல்யாணம். போன வருஷம் அவள் குடும்பத்தோடு பெரிய மலைக்குச் சறுக்க வந்தவன், பாவம், வந்த இடத்தில் காய்ச்சலில் விழுந்து, விடுமுறை முழுக்க மலைக்குடிலில் கம்பளியைச் சுற்றிக்கொண்டு கிடந்தான். அவன் சறுக்கி இந்த வீட்டில் வேறு யாரும் பார்த்ததே இல்லை. டிரோல் மலைக்காரர்களுக்கு அது போதாதா! நடை பழகும் முன்னே சறுக்கப் பழகுகிற ஊர். இங்கே சறுக்கத் தெரியாத மாப்பிள்ளை என்றால் நீச்சல் தெரியாத மீனவன் கதைதான்.

"போன வருஷம் காய்ச்சல், இந்த வருஷம் பாப்பா மேடு. அடுத்த வருஷம் என்ன மாப்பிள்ளை, பல்வலியா?"

கிளெமென்ஸ் சிரித்துக்கொண்டே சூப்பை உறிஞ்சினான்.

"சும்மா இருடா. எந்த மலையா இருந்தா என்ன, பனி வெள்ளையாத்தானே இருக்கும்" என்று அதட்டினாள் அம்மா ரோஸ்வித்தா. அம்மாவுக்கு என்ன, எங்கே போனாலும் குடிலில் மேஜை பிடித்து, எல்லோர் கோட்டுக்கும் காவல் இருப்பாள். அவளுக்கு அதுதான் பிடிக்கும்.

சாப்பாடு முடிந்ததும் கிளெமென்ஸை அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போனாள் வெரேனா.

"ஏன் இப்படி ஊமையாட்டம் இருக்கே? பள்ளிக்கூடத்துல ஒவ்வொரு சறுக்குப் பந்தயத்துலயும் ஜெயிச்சவன்தானே நீ? சொல்லித் தொலையேன்!"

"சொல்லி என்ன ஆகப்போகுது? ஹோல்சாவ் அருமையான இடம்."

"ரோஷமே கிடையாதா உனக்கு?"

"இருக்கு. அதை மலைக்கு எடுத்துட்டுப் போறதில்லை" என்று தட்டுகளைக் கழுவ ஆரம்பித்துவிட்டான். இவனைக் கட்டிக்கொண்டு எப்படிக் காலந்தள்ளுவது என்று இருந்தது அவளுக்கு.

ஹோல்சாவ் போய்ச் சேர்ந்த மறுநாள் காலை. டோனி மேட்டை ஒரு பார்வை பார்த்தான். "நான் பெரிய மலைக்குப் போறேன்ப்பா. இங்கே சறுக்கினது தெரிஞ்சா ஊருக்குள்ள தலைகாட்ட முடியாது" என்று வண்டியைக் கிளப்பினான். போகிற போக்கில் ஜன்னல் வழியாக, "மாப்பிள்ளை, பாப்பாங்க மேல மோதிடாதீங்க!" என்று ஒரு சத்தம் வேறு.

வெரேனாவால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. மேட்டின் அடிவாரத்தில் வேலியோரம் நின்றிருந்த அப்பாவிடம் நேரே போனாள்.

"அப்பா, என் ஆளை எதுக்கு இப்படிக் கேவலப்படுத்துறீங்க? உங்களுக்கு அவனைப் பிடிக்கலையா? பிடிக்கலைன்னா வாயைத் திறந்து சொல்லிடுங்க. எனக்குக் கல்யாணமும் வேணாம், ஒண்ணும் வேணாம்!"

"கத்தாதே, கண்ணு. அங்கே பாரு."

ரப்பர் பட்டையில் வரிசையாக வாண்டுகள் ஏறிக்கொண்டிருந்தன. நடுவில், வாடகைக்கு எடுத்த சிவப்பு உடுப்பில், முழங்காலை மடக்கிக்கொண்டு, கண்ணை இறுக்க மூடியபடி ஒரு பெரிய உருவம்.

"அய்யோ... அம்மாவா அது?"

அம்மாவேதான். உச்சியில் இறங்கியதும் பொத்தென்று விழுந்தாள். கிளெமென்ஸ் தூக்கி நிறுத்தி, அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, தான் பின்னோக்கிச் சறுக்கியபடியே அவளை இறக்கிக்கொண்டு வந்தான். பின்னால் திரும்பிக்கூடப் பார்க்காமல் அப்படி இறங்க டோனிக்கே வராது.

"விட்டுடாதீங்க மாப்பிள்ளை! அடப்பாவி, விட்டுட்டீங்களே!" என்று அலறிய அம்மா, தானாகவே பத்தடி தூரம் சறுக்கி வந்து, மறுபடி விழுந்து, பனியில் கிடந்தபடியே சிரித்தாள். அம்மா இப்படிச் சிரித்து வெரேனா கேட்டதே இல்லை.

"சமவெளியிலேருந்து வாக்கப்பட்டு வந்தவ. முதல் வருஷம் டோனி வயித்துல, அப்புறம் நீ. அப்படியே குடில்ல உட்கார்ந்தவதான்" என்றார் அப்பா. "முன்னாடியே சொல்லியிருந்தா உங்கண்ணன் ஊரைக் கூட்டி வேடிக்கை பார்த்திருப்பான். இவ வெக்கப்பட்டுக்கிட்டு கிளம்பியே இருக்கமாட்டா."

வெரேனாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அப்பாவைக் கட்டிக்கொண்டாள். "மன்னிச்சிடுங்கப்பா. இத்தனை வருஷம் கழிச்சாவது உங்களுக்குத் தோணுச்சே, அது பெரிசு!"

அப்பா தலை குனிந்துகொண்டார்.

"எனக்கு எங்கேம்மா தோணுச்சு? போன வருஷம் கிளெமென்ஸ் காய்ச்சலோட உங்கம்மா பக்கத்துல உட்கார்ந்திருந்தானே, அவ ஜன்னலையே பார்த்துட்டு இருந்ததைக் கவனிச்சிருக்கான். 'அத்தைக்குச் சறுக்க ஆசையான்னு யாராவது கேட்டிருக்கீங்களா மாமா?'ன்னு எனக்குப் போன் பண்ணினவன் அவன். இந்த இடத்தைத் தேடிப் பிடிச்சவனும் அவன்தான். கட்டின நானும் கேட்கலை, அவ வயித்துல பொறந்த நீங்களும் கேட்கலை."