இன்னும் ஒரு சொல்

அந்த ஊர்ச் சிறையில் தூக்குக்கு முன்னால் ஒரு சலுகை உண்டு. கொலையானவனின் வீட்டார் ஒரு சொல் கொடுப்பார்கள். அதன் எழுத்துகளைக் கலைத்துப் போட்டால் பிறக்கிற சொற்களையெல்லாம், சூரியன் மதிலுக்கு மேலே வருவதற்குள் கைதி சொல்லிவிட்டால் விடுதலை. ஒன்று விட்டுப்போனாலும் கயிறுதான். வழக்கமாக வாயில் நுழையாத நீளத்தில் கொடுப்பார்கள். தேர்த் திருவிழாவில் கவினைக் குத்திக் கொன்ற பூவராகனுக்கோ, கவினின் தாய் அங்காயி ‘கல்விமான்’ என்று ஐந்தே எழுத்தில் கொடுத்தாள்.

“கெழவிக்கு எம்மேல எரக்கம்” என்று காவலாளியிடம் சொல்லிச் சிரித்தான் பூவராகன்.

கல், வில், மா, மான், மால், கவி, கல்வி என்று கடலை கொறிப்பதுபோல உதிர்த்தான். மாகவி என்றபோது தூக்குப் போடுகிறவரே தலையாட்டிவிட்டார். அதோடு நின்றுபோயிற்று.

“இன்னும் ஒண்ணு பாக்கி” என்றார் நடுவராக உட்கார்ந்திருந்த புலவர்.

முற்றத்தில் நின்ற அத்தனை பேருக்கும் அது நுனிநாக்கில் இருந்தது. பூவராகனுக்கு மட்டும் தெரியவில்லை. கூட்டத்தில் தோளை இடித்தான் என்று குத்தியவன், பேரைக் கேட்டுக்கொண்டா குத்துவான்? வழக்கிலும் கடைசிவரை ‘இறந்தவன்’ என்றேதான் வாசித்தார்கள்.

மதிலின் விளிம்பு சிவந்தது.

“தாயி, ஒரு குறிப்பு குடு.”

அங்காயி முந்தானையால் அவன் நெற்றி வியர்வையைத் துடைத்துவிட்டாள். “நீ குத்தும்போது நான் கத்திக்கிட்டே ஓடியாந்தேனே ராசா, அதுதான்.”

அவன் கண்ணை மூடி, காதைத் தீட்டிக்கொண்டு யோசித்தான். அன்றைக்குப் பார்த்து மேளக்காரர்கள் நன்றாக அடித்திருந்தார்கள்.