பச்சைப் பேனா

செயற்கை நுண்ணறிவு இயந்திரத்திடமிருந்து வாங்கிய வரிகளைத் தனியாகக் குறித்துத்தர வேண்டும் என்று நாங்கள் கட்டுரை அனுப்பவிருந்த கணித இதழில் புதிதாக ஒரு விதி போட்டிருந்தார்கள். செண்பகவல்லி எங்கள் கட்டுரையைப் பரப்பிவைத்துக்கொண்டு பச்சைப் பேனாவைத் திறந்தாள். பதினோரு வருடமாக இருவரும் சேர்ந்துதான் எழுதுகிறோம். அவள் நிரூபணத்தில் நான் ஓட்டை தேடுவேன், என்னுடையதில் அவள். இந்த வருடம் அவள் என்னிடம் வரவேயில்லை, எல்லாவற்றையும் அதனிடமே கேட்டுக்கொண்டாள். இப்போது கொஞ்சமும் மறைக்காமல் பக்கம் பக்கமாகக் கோடு போட்டாள். ஒவ்வொரு கோட்டுக்கும் எனக்கு வயிறு எரிந்தது.

ஏழாம் பக்கத்தில் பேனா நின்றது. அங்கே இருந்தது நான் கொடுத்த துணைத்தேற்றம்.

"இந்தப் பக்கத்துல பச்சைக்கு வேலையில்ல, மரியதாஸ்," என்றாள். "நாலு வாரம் அதுகிட்ட கேட்டுப் பார்த்தேன், அதுக்குத் தெரியல. நீ இதைக் கொண்டுவந்த அன்னிக்கு எனக்குச் சாப்பாடே இறங்கல. அவ்வளவு பொறாமை."

அவள் கேட்டது ஒரு விதம். நான் ஒரு மத்தியானம் வேறு விதமாகக் கேட்டேன், அது சொல்லிவிட்டது. குறியீடுகளை மட்டும் நான் மாற்றினேன்.

"நீயும் ஒரு தடவை பார்த்துடு," என்று பேனாவை நீட்டினாள்.

வாங்கிக்கொண்டேன். ஏழாம் பக்கத்தை மறுபடியும் முதலிலிருந்து படித்தேன். ஒரு வார்த்தை கூடுதலாக இல்லை, அவ்வளவு அழகு. நிமிர்ந்தபோது செண்பகவல்லி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதினோரு வருடமாக நான் அவளைப் பொறாமையோடு பார்த்துவந்த அதே பார்வை.

பேனா திறந்தே இருந்தது.