பண்டல் சீட்டு

முப்பத்தோராயிரத்து எண்ணூறு ரூபாய்.

வெள்ளிங்கிரி செத்த அன்று பனியன் கம்பெனிக்குத் தர வேண்டியிருந்தது அவ்வளவு.

பதினாறாம் நாள் கழிந்து அவர் மனைவி அங்கே போனபோது, முதலாளி அதைத் தள்ளுபடி செய்துவிட்டதாகச் சொன்னார்கள். வேறு ஏதாவது வேண்டுமா என்றும் கேட்டார்கள்.

ஒரு போர்வை தைக்கத் துண்டுத்துணி கேட்டாள்.

வீட்டில் இருந்தது ஒரே போர்வை. அதில்தான் அவரைப் போர்த்தித் தூக்கினார்கள். சுடுகாட்டிலேயே விட்டாயிற்று. பிள்ளைகள் இரண்டும் இப்போது அவள் சேலைக்குள் சுருண்டுகொள்கின்றன. மார்கழிக்கு இன்னும் ஒரு மாதம்கூட இல்லை.

குடோனில் குந்தி உட்கார்ந்தாள்.

மூட்டை மூட்டையாக வெட்டிய துணி. குழந்தைகள் பனியனுக்கு வெட்டியது. முன்பக்கம் தனி, முதுகு தனி, கை தனி. பண்டல் பண்டலாகக் கட்டிக் கிடந்தது.

அவர் வெட்டியதுதான். தெரிந்தேதான் கேட்டாள்.

பின்னல் துணி ரோலில் இழுபட்டு இறுகி இருக்கும். அவிழ்த்து ஒரு நாள் ஆறப் போட வேண்டும். ஆறாமல் வெட்டினால் வெட்டிய பிறகு சுருங்கும். எட்டு வயதுப் பனியன் ஆறு வயதுக்குத்தான் ஆகும்.

அப்படித்தான் ஆயிற்று. ஆர்டர் திரும்பி வந்தது. தைக்காமல் மிஞ்சியது குடோனுக்குப் போனது.

என்னைக் கேட்காமல் வெட்டிவிட்டான் என்றார் முதலாளி.

நாற்பத்தெட்டாயிரம் அவர் தலையில் விழுந்தது. வாரம் அறுநூறு பிடித்தார்கள். அதை ஈடுகட்ட வேறொரு கம்பெனியில் ராத்திரி ஷிப்டும் பார்த்தார். இருபத்தேழு வாரம்.

ஒரு விடிகாலை, சைக்கிள் மிதித்துக்கொண்டே கண் அசந்துவிட்டார். பின்னால் லாரி.

முதலில் நிறம் பார்த்துத்தான் எடுத்தாள்.

பெரியவனுக்கு நீலம். சின்னவளுக்கு மஞ்சள். இன்ன மாதிரி என்று மனதில் எதுவும் இல்லை. முதுகுத் துண்டு அகலம். நடுவில் அதை வைத்து, சுற்றிலும் கைத் துண்டுகளைக் கொடுத்தால் ஆயிற்று.

தரையில் பரப்பிப் பார்த்தாள். மஞ்சள் போதவில்லை.

இன்னொரு பண்டலை அவிழ்த்தாள். உள்ளேயிருந்த சீட்டு கவிழ்ந்து விழுந்தது.

ரோல் நம்பர், சைஸ், எண்ணிக்கை. வெட்டுகிறவர் எழுதிச் செருகும் சீட்டு.

இதன் பின்புறத்திலும் எழுத்து இருந்தது. பென்சில். அவருடைய சாய்ந்த எழுத்து.

அவளுக்கு எழுத்து வந்து ஒரு வருடம்தான் ஆகிறது. சின்னவள் இரண்டாம் வகுப்புப் புத்தகத்தைச் சத்தம் போட்டுப் படிக்கும்போது கூடவே விரலை ஓட்டிக் கற்றுக்கொண்டது. கம்பெனியில் யாருக்கும் தெரியாது.

விரலை வைத்தாள்.

து. ணி.

துணி ஆறவில்லை.

அடுத்த வரிக்கு நேரம் பிடித்தது.

முதலாளியிடம் சொன்னேன்.

குடோனுக்கு வெளியே யாரோ வண்டியை உதைத்துக் கிளப்பினார்கள். அது போய்ச் சத்தம் அடங்கும்வரை அவள் அசையவில்லை.

வீட்டில் இதை ஒரு நாளும் சொன்னதில்லை அந்த மனிதர்.

அடுத்த பண்டலை அவிழ்த்தாள். அதிலும் இருந்தது. அதற்கடுத்ததில் இல்லை. அதற்கும் அடுத்ததில் இருந்தது.

பரப்பிய நீலத்தையும் மஞ்சளையும் மூட்டைக்குள் திருப்பிப் போட்டாள்.

பிறகு நிறம் பார்க்கவில்லை. அகலம் பார்க்கவில்லை. பின்புறம் எழுதிய சீட்டு எந்தப் பண்டலில் இருந்ததோ அதிலிருந்து மட்டும் எடுத்தாள். சிவப்பு வந்தது. சாம்பல் வந்தது. கருப்பு நிறைய வந்தது.

சீட்டு பதினொன்று. மடித்து ரவிக்கைக்குள் வைத்தாள்.

ஆபீசில் கணக்கு எழுதும் நாச்சிமுத்து நோட்டை விரித்து வைத்திருந்தான். வெள்ளிங்கிரி பேருக்கு நேராகச் சிவப்புக் கோடு. ஓரத்தில் 'தள்ளுபடி'.

பையை எட்டிப் பார்த்தான்.

"என்னக்கா, பூராக் கருப்பா அள்ளியிருக்கீங்க? நல்ல நல்ல கலரெல்லாம் கெடக்குதுங்களே?"

"இருக்கட்டுமுங்க."

"வேற மொதலாளியா இருந்தா உங்க சம்பளத்துல புடிச்சிருப்பாங்க. நம்மாளுக்கு மனசுங்க்கா."

அவள் பையின் வாயைச் சுருட்டிப் பிடித்தாள். நாளை காலை எட்டரைக்கு அவள் தைத்த பனியனில் நூல் பிசிறு வெட்ட வர வேண்டியது இதே கம்பெனிக்குத்தான்.

கைநாட்டு வைக்க மைப்பெட்டியை அவள் பக்கம் தள்ளினான்.

"பேனா குடுங்க."

"அட! எழுதுவீங்களா?"

"பேரு மட்டுமுங்க."

சிரித்துக்கொண்டே கொடுத்தான். போன் அடித்தது. காதில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினான்.

அவள் நோட்டின் மேல் குனிந்தாள். சிவப்புக் கோட்டுக்குக் கீழே, அழுத்தி, ஒவ்வொரு எழுத்தாக எழுதினாள். சீட்டை எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. கடைசி இரண்டு எழுத்தை மட்டும் மாற்றினாள்.

துணி ஆறவில்லை. முதலாளியிடம் சொன்னார்.

"இன்னுமா எழுதறீங்க? பேரு அத்தனை நீளமாக்கா?"

"எங்க வீட்டுக்காரரு பேருஞ் சேத்துங்க."

"செரி செரி." போனைக் காதில் இடுக்கியபடியே கை நீட்டி நோட்டை இழுத்தான். குனிந்து பார்க்கவில்லை. "அவ்வளவுதாங்க்கா. கணக்கு தீந்துது."

மை காய்வதற்குள் மூடினான்.

அவள் எழுதியது எதிர்ப்பக்கத்திலும் பதிந்திருக்கும்.