மண் தாங்கும் எடை

நாகப்பட்டினத்துக் கடலோரத்தில், தன் வீட்டு வாசலில் மண் ஆய்வு நடக்க, நாற்காலி போட்டு உட்கார்ந்து அதிகாரம் பண்ணிக்கொண்டிருந்தார் தணிகாசலம். ஓய்வுபெற்ற தலைமைப் பொறியாளர். அடிமண் தாங்குகிற எடைக்கு மேல் பொருளோ ஆளோ ஒரு கிலோகூட வீட்டில் இருக்கக் கூடாது என்ற சட்டத்தை எழுதியவரே அவர்தான். அதைத் தெருநாய்க்கும் சொல்லியாகிவிட்டது.

"ஏம்மா, நல்லா ஓங்கி அடி. இது என் மண்ணு, பாறை மாதிரி."

ஆய்வுக்கு வந்த பெண் இரும்புத் தகட்டில் சம்மட்டியால் ஓர் அடி போட்டு, அதிர்வு திரும்பி வருவதைக் கருவியில் பார்த்தாள்.

"கீழே சேறா இளகிக் கிடக்கு சார். எழுபது கிலோ குறைக்கணும். இன்னைக்கே."

"எழுதினவனுக்கேவா சட்டம்?"

"யாருக்கும் விலக்கு கிடையாதுன்னு எழுதினதும் நீங்கதானே சார்?"

தணிகாசலம் தொண்டையைச் செருமிக்கொண்டு உள்ளே பார்த்துக் கத்தினார்.

"டேய் குமரேசா, அந்த ஃபிரிட்ஜைத் தூக்கி வெளியே வை!"

வாசலுக்கு வந்த மகன் ஃபிரிட்ஜ் பக்கமே போகவில்லை. அப்பாவை மேலும் கீழும் அளந்து பார்த்துவிட்டு, பின்னால் நின்ற மனைவியைப் பார்த்தான். அவள் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, மிகுந்த மரியாதையோடு சொன்னாள்:

"ஃபிரிட்ஜ் இன்னும் நல்லா வேலை செய்யுது மாமா."