கழற்றி எடுத்துப் போகலாம்

"கார்லயே பதிச்சு வர்ற ஜி.பி.எஸ். வழிகாட்டிதான் பார்க்க அழகு. மாட்டுற வேலை, கழட்டுற வேலை எதுவும் கிடையாது" என்றார் நெவில்.

"எனக்குக் கழட்டி எடுத்துட்டுப் போறதுதான் வேணும்" என்றாள் அவர் மனைவி கோரலி.

அடுத்த வாரம் இருவரும் ஜீப்பின் பின்னால் கேரவன் வீட்டை இழுத்துக்கொண்டு ஆஸ்திரேலியாவைச் சுற்றக் கிளம்புவதாக ஏற்பாடு. நெவில் வீட்டிலிருந்தும், கோரலி முடி வெட்டிக்கொண்டும் தனித்தனியாக டூவூம்பா நகரிலிருந்த அந்தக் கார் உபகரணக் கடைக்கு வந்திருந்தார்கள்.

"கழட்டி எங்கடி கொண்டு போகப் போறே, சமையலறைக்கா?" நெவில் விற்பனையாளனைப் பார்த்துக் கண்ணடித்தார். "இவளுக்கு இடது வலதே தெரியாது தம்பி. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து நான்தான் இவளுக்கு வழிகாட்டி!"

விற்பனையாளன் டீன் சிரிக்கவில்லை. "பதிச்சது அந்த வண்டியோடயே போயிடும் மேடம். இதை எந்த வண்டியில வேணும்னாலும் ஒட்டிக்கலாம்."

"அதான் வேணும்."

"நமக்கு இருக்கிறதே ஒரே ஒரு வண்டி!" என்றார் நெவில்.

கோரலி அதையே வாங்கினாள். மாட்டிக் கொடுக்க வெளியே வந்த டீன், நெவிலின் ஜீப்பை நோக்கி நடந்தான்.

"அது இல்லப்பா. அந்தச் சிவப்புக் கார்" என்றாள் கோரலி.

காரின் பின் இருக்கையில் கோரலியின் பெட்டிகள் இருந்தன.

"இது... யாரு வண்டி?" என்றார் நெவில்.

"என்னோடது. நான் வடக்கே டார்வின் ஊருக்குப் போறேன், நெவில். தனியா."

"விளையாடாதே, கோரலி. வா, வீட்டுக்குப் போவோம்."

"என்கிட்ட இருந்த வீட்டுச் சாவியை, கடைக்குள்ள வந்ததுமே உன் கோட்டுப் பையில போட்டுட்டேன்."

நெவில் கையைப் பைக்குள் விட்டார். சாவி இருந்தது.