சிதறிய கதவுகள்

"எவன் பார்த்த வேலை இது?" முதலாளி கணினி முன் கத்தினார். மருத்துவமனைக் கட்டட வரைபடத்தில், ஒவ்வொன்றும் ஒரே துண்டாக நகர வேண்டிய கதவுகள் எல்லாம் தனித்தனிக் கோடுகளாகச் சிதறிக் கிடந்தன. ஒரு கதவைப் பிடித்து இழுத்தால் ஒரு கோடுதான் வந்தது.

"வேலை தெரியலைன்னு போன வாரம் நீக்கினீங்களே, அவராத்தான் சார் இருக்கும்," என்றாள் வரைபடம் போடுகிறவள்.

"நாளைக்குள்ள கொடுக்கணுமே! நீ சேர்த்துடுவியா?"

"உடைச்சவருக்குத்தான் சார் எது எதோட சேரும்னு தெரியும்."

"பய கில்லாடியா இருந்திருக்கானே! உடனே வரச் சொல்லு. வேலையை விட்டுப் போகவே விடக்கூடாது."

மாலை வீட்டுக்குள் நுழைந்ததும் கணவனிடம் சொன்னாள்: "நாளையிலேர்ந்து மறுபடி வேலைக்கு வாங்க. கதவையெல்லாம் உடைச்சீங்கன்னு திட்டுவாரு, தலையை ஆட்டுங்க. எப்படி உடைச்சேன்னு கேட்டா மட்டும் என் முகத்தைப் பார்த்துத் தொலைக்காதீங்க."