பதினேழாம் எண் ஜோடி

கதை எழுதிப் பழகாத கையின் முதல் முயற்சி இது. குறைகள் இருப்பின் வாசகப் பெருமக்கள் பொறுத்தருள வேண்டும்.

“பதினேழாம் நம்பர் ஜோடி! எழுபதாயிரம்! அதுக்கு மேல யாருப்பா கேக்கறது?”

மண்ணூர்ச் சாலையோரத்துக் காலி மனையில் தரகர் அய்யாத்துரையின் குரல் மைக்கில் முழங்கியது. தொழிற்பேட்டைக்கு நிலம் கொடுத்துவிட்ட ஊர்களிலிருந்து கலப்பை, ஆயில் இன்ஜின், வைக்கோல், மாடு என எல்லாவற்றையும் அவருடைய வேன் காலையிலேயே ஏற்றி வந்திருந்தது. விற்பவர் மனம் நோகக் கூடாது என்பதால் பெயர் சொல்வதில்லை; மாட்டின் முதுகில் நீல மையால் எண் மட்டும். எண் போட்ட பிறகு எவரும் பின்வாங்கக் கூடாது. யாராக இருந்தாலும் ஏலத்தில் கேட்டே எடுக்க வேண்டும். தரகு, வாங்குபவரிடம் நூற்றுக்கு மூன்று. விற்பவரிடம் நூற்றுக்கு மூன்று.

“எழுபத்தஞ்சு!” என்றார் முனிரத்தினம்.

கூட்டம் திரும்பிப் பார்த்தது. கம்பெனி வாசலில் நிற்கும் காவலாளியின் சீருடை; தோளில் சாப்பாட்டுப் பை.

“இன்னா நைனா, ஷிஃப்டுக்குப் போற வழில மாடு வாங்கினு போலாம்னு வந்தியா?” என்று ஒருவர் கேட்டார்.

“ஐடி கார்டு மாட்டி கேட்ல நிறுத்தப் போறாரு. நைட் டூட்டிக்கு ஆள் பத்தலயாம்!” என்றார் இன்னொருவர். சிரிப்பு எழுந்தது.

முனிரத்தினம் சிரிக்கவில்லை. அவருடைய கண் எதிரே நின்ற இசக்கிபாண்டியின் மேல் இருந்தது. தெற்கத்தி அடிமாட்டு வியாபாரி. அவருடைய லாரியின் பின்கதவு திறந்தே கிடந்தது. அதில் ஏறிய மாடு எதுவும் மறுநாள் மாடாக இருப்பதில்லை.

“எம்பது,” என்றார் இசக்கிபாண்டி, அலட்சியமாக.

“எம்பத்தஞ்சு.”

“அண்ணாச்சி, ஒமக்கு நெலம் எத்தன ஏக்கர் கெடக்கு?”

“ஒரு சென்ட்டும் இல்ல.”

“பொறவு மாட்ட எங்கவே கட்டுவீரு? மொட்ட மாடியிலயா?”

“அத நான் பாத்துக்கறேன். நீ கேக்கறியா, வுடறியா?”

“தொண்ணூறு.”

“தொண்ணூத்தஞ்சு.”

சாலையில் கம்பெனிப் பேருந்து ஒன்று வேகம் குறைத்தது. “முனிண்ணே! ரெண்டு மணி ஷிஃப்ட்டு! ஏறு, ஏறு!” என்று சன்னல் வழியே ஒரு தலை கத்தியது.

“நீ போப்பா,” என்றார் முனிரத்தினம், திரும்பாமலே.

அய்யாத்துரை மைக்கைத் தாழ்த்தினார். “யோவ், துட்டு கீதா? இங்க கடன் கெடையாது. கணக்க முடிச்சிட்டுத்தான் மாட்டத் தொடணும்.”

“முடிச்சிட்றேன்.”

வீட்டு வாடகைக்கு வைத்திருந்த ஆறாயிரம் ரூபாய் சட்டைப் பையில் இருந்தது. வேறு பணம் இல்லை. ஆயினும் ஒரு லட்சம் வரை கேட்கலாம், அதற்கு மேல் ஒரு ரூபாய் ஏறினாலும் தம்மால் ஆகாது என்று வரும் வழியிலேயே அவர் தீர்மானித்திருந்தார்.

“தொண்ணூத்தொம்பது!” என்றார் இசக்கிபாண்டி.

“லட்சம்!”

இசக்கிபாண்டி மாடுகளின் விலாவைத் தட்டிப் பார்த்தார். வானத்தைப் பார்த்து உதடுகளை அசைத்தார்.

“கறி வெல தாண்டிட்டு. நீரே கொண்டு போம் அண்ணாச்சி.”

“லட்சம் ஒரு தரம்… ரெண்டு தரம்… மூணு தரம்!”

முனிரத்தினம் தோளிலிருந்த பையை இறக்கினார்.

“புதுக் கயிறு எங்கவே?” இசக்கிபாண்டி விடுவதாக இல்லை. மாட்டை விற்பவர் தம் கயிற்றை அவிழ்த்து வீட்டிலேயே வைத்துக்கொள்வார். வாங்குபவர் தம் கயிற்றைப் போட்டு ஓட்டிப் போக வேண்டும் என்பது வழக்கம். ஏலத்தில் நிற்கும் வரை மாடுகளுக்குத் தரகரின் சணல் கயிறுதான். “கயிறு இல்லாமலே மாடு புடிக்க வந்துட்டாரு பாருங்க!”

முனிரத்தினம் பைக்குள் கைவிட்டுத் துழாவினார். டிபன் பாக்ஸ் நழுவி விழுந்து புளிச்சோறு மண்ணில் சிதறியது. அவர் கையோடு வந்தது புதுக் கயிறு அன்று. வியர்வையும் மஞ்சளும் ஏறிக் கறுத்த பழைய கயிறுகள் இரண்டு. அவற்றைக் கண்டதும் மாடுகள் இரண்டும் தாமாகவே கழுத்தைத் தாழ்த்திக் கொடுத்தன.

அய்யாத்துரை அவருடைய சீருடையில் தைத்திருந்த பெயரைப் பார்த்தார். நோட்டைப் புரட்டிப் பதினேழாம் எண்ணுக்கு எதிரே இருந்த பெயரையும் பார்த்தார். மைக்கை அணைத்துவிட்டு மெல்லச் சொன்னார்: “ரூல்ஸு ரூல்ஸுதான் நைனா. ரெண்டு பக்கத் தரகும் நீயே கட்டணும்.”

அன்று முனிரத்தினம் இழந்தவை: ஒரு ஷிஃப்டுச் சம்பளம்; மதியச் சோறு; மாடு வாங்கியதற்குத் தரகு மூவாயிரம்; அதே மாட்டை விற்றதற்குத் தரகு மூவாயிரம்.